எடை குறையும் நொடி

ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது திருமலை. அங்கே பதினாறு அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதர் சிலைக்கு முன் கைகூப்பி நிற்பவர், நின்ற நிலையிலேயே மணிக்கு 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அந்த அட்சரேகையில் தரைக்குக் கிடைக்கும் வேகம் அது. பயணிகள் விமானம்கூட அவ்வளவு வேகமாகப் பறப்பதில்லை. ஆனாலும் அவருக்குத் தலை சுற்றுவதில்லை, வயிறு கலங்குவதில்லை.

அதே ஆள் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வேன் பிடித்துச் சென்னைப் பக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறார். அங்கே மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டாத கொலம்பஸ் கப்பலில் ஏறிய அரை நிமிடத்தில் "ஐயோ, நிறுத்தச் சொல்லுப்பா" என்று கத்துகிறார். இறங்கி வந்ததும் சொல்லும் காரணம், "வேகம்னா எனக்கு ஆவாது." மச்சான் விடுவதில்லை: "ஒண்ணும் ஆவாது வா மாமா, அடுத்ததுல ஏறிப் பாரு."

இருவர் பேச்சிலும் பிழை இருக்கிறது. மாமாவை வதைத்தது வேகம் இல்லை. வேகத்தை உணரும் உறுப்பே மனித உடலில் கிடையாது. அதே சமயம் ஒன்றும் ஆகவில்லை என்பதும் பொய். அவர் உடலில் அளந்து சொல்லக்கூடிய ஒன்று நடந்திருக்கிறது. அது எது என்று தெரிந்துகொண்டால், எந்த ராட்டினத்தில் ஏறலாம், எதைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்பதை வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடலாம்.

மாக் உட்கார்ந்த நாற்காலி

ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு விமான வேகத்தைச் சொல்ல 'மாக்' என்ற அளவைப் பயன்படுத்துகிறோம். அந்தப் பெயருக்குரிய ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், ரயிலில் போகும்போது ஒன்றைக் கவனித்தார். ரயில் வளைவில் திரும்பும்போது வெளியே இருக்கும் வீடுகளும் மரங்களும் சாய்ந்து நிற்பது போலத் தெரிந்தன. உண்மையில் சாய்ந்திருந்தது அவர் உட்கார்ந்திருந்த பெட்டி. கண் பார்ப்பது ஒரு பக்கம் இருக்க, 'மேல் எது, கீழ் எது' என்பதை உடலுக்குள் வேறு ஏதோ ஒன்று தீர்மானிக்கிறது என்ற சந்தேகம் அவருக்கு வந்தது.

அவர் ஒரு சுழலும் நாற்காலியைச் செய்தார். வெளியே எதுவும் தெரியாதபடி சுற்றிலும் அடைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து சுற்றச் சொன்னார். சுழல ஆரம்பிக்கும்போது சுழல்வது நன்றாகத் தெரிந்தது. ஒரே சீராகச் சுழன்றுகொண்டே இருந்தபோது, கொஞ்ச நேரத்தில் சுழலும் உணர்வே மறைந்துபோனது. நாற்காலியை நிறுத்தியதும் எதிர்த்திசையில் சுழல்வது போல இருந்தது. 1875இல் அவர் வெளியிட்ட நூலின் முடிவு இதுதான்: உடல் உணர்வது வேகத்தை அன்று, வேகத்தில் ஏற்படும் மாற்றத்தை. வியன்னாவில் யோசஃப் பிராயரும் எடின்பரோவில் அலெக்சாண்டர் கிரம் பிரவுனும் தனித்தனியாக ஏறத்தாழ அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள்.

அவர்கள் தேடிய உறுப்பு காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் மூன்று தளங்களில் அமைந்திருக்கின்றன. உள்ளே திரவம். செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துச் செம்பை வெடுக்கென்று திருப்பினால் தண்ணீர் உடனே திரும்பாது, சற்றுப் பின்தங்கும். தலை திரும்பும்போது கால்வாய்த் திரவமும் அப்படித்தான் பின்தங்கி, நுண்ணிய மயிர்ச் செல்களை வளைக்கிறது. 'திரும்புகிறோம்' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. திரவம் தலையோடு சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் செய்தி நின்றுவிடும்.

கால்வாய்களுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு பைகள். அவற்றுக்குள் மயிர்ச் செல்களின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் படிந்திருக்கின்றன. முட்டை ஓட்டில் இருப்பதும் அதே பொருள்தான். நேராகப் போகும்போது ஏற்படும் முடுக்கத்தையும், ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் இந்தப் படிகங்களின் நகர்வுதான் சொல்கிறது. இந்த உறுப்புகளைப் பற்றிய ஆய்வுக்காக ராபர்ட் பாரானி 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

ஆக, ராட்டினத்தில் உடலுக்குத் தெரிவது இரண்டே விஷயங்கள்: எடை கூடுவதும் குறைவதும், தலை திரும்புவது. இவற்றோடு கண் பார்க்கும் உயரத்தையும் சேர்த்துக்கொண்டால், 'எனக்கு ஆவாது' என்று சொல்லும் எல்லாரையும் மூன்று கட்சிகளாகப் பிரித்துவிடலாம். எடை குறைந்தால் அடிவயிறு கூசும் கட்சி, சுற்றினால் கிறுகிறுத்துக் குமட்டும் கட்சி, கீழே பார்த்தால் கால் நடுங்கும் கட்சி. ஒருவருக்கு ஆகாத ராட்டினம் இன்னொருவருக்குத் தாலாட்டாக இருப்பது இதனால்தான்.

நாலால் பெருக்கு

முதல் கட்சியை எடுத்துக்கொள்வோம். நாம் 'எடை' என்று உணர்வது ஈர்ப்பை அன்று. கீழே இருக்கும் பலகை நம்மைத் தாங்கும் விசையைத்தான் எடை என்று உணர்கிறோம். பலகை நமக்குக் கீழே விலகிக்கொண்டே போனால் தாங்கும் விசை குறையும். குடலும் இரைப்பையும் வழக்கமாகத் தங்கள் பாரத்தால் கீழ்நோக்கித் தொங்கி நிற்பவை. தாங்கல் குறைந்ததும் அந்த இழுவிசை தளர்கிறது. படிகங்களும் 'விழுகிறாய்' என்கின்றன. அடிவயிற்றில் ஜில்லென்று ஒன்று ஓடுவது அந்த நொடியில்தான்.

எவ்வளவு எடை குறையும் என்பதை ஜெயன்ட் வீலில் வரிசையில் நின்றபடியே கணக்குப் போடலாம். வீலின் ஆரத்தை, அதாவது மொத்த உயரத்தில் ஏறத்தாழப் பாதியை, மீட்டரில் எடுத்து நாலால் பெருக்குங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்று எண்ணி, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுத்தால், உச்சியில் உங்கள் எடையில் எத்தனை பங்கு காணாமல் போகும் என்பது கிடைத்துவிடும். வட்டப்பாதை முடுக்கத்தின் வாய்பாட்டில் வரும் 39.5 என்ற எண்ணை ஈர்ப்பு முடுக்கமான 9.8ஆல் வகுத்தால் 4க்குச் சற்று மேல் வருகிறது. அந்த நாலுதான் இது.

திருவிழாத் திடலில் போடும் வீல் ஒன்று 16 மீட்டர் உயரம், ஆரம் 8 மீட்டர், எட்டு வினாடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டை நாலால் பெருக்கினால் 32. எட்டெட்டு 64. வகுத்தால் பாதி. 50 கிலோ எடையுள்ளவர் உச்சியில் 25 கிலோவாகிறார், அடியில் 75 கிலோவாகிறார், எட்டு வினாடிக்கு ஒருமுறை மாறி மாறி. இப்போது பெரிய பூங்காவில் 20 மீட்டர் உயர வீல், 20 வினாடிக்கு ஒரு சுற்று. நாற்பதை நானூறால் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு. உயரம் கூடியும் உலுக்கல் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. 135 மீட்டர் உயரமான லண்டன் ஐ ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதில் எடை குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சிங்கப்பூரில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் 165 மீட்டர் உயர சிங்கப்பூர் ஃபிளையரில் ஏறப் பயந்தால், அந்தப் பயம் கண் சம்பந்தப்பட்டது. வயிற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதே கணக்கைப் பூமிக்கும் போடலாம். ஆரம் 64 லட்சம் மீட்டர், ஒரு சுற்றுக்கு 86,000 வினாடிக்குச் சற்று மேல். விடை ஆயிரத்தில் மூன்றரைப் பங்குகூட இல்லை. 1,630 கிலோமீட்டர் வேகத்தில் போயும் ஏன் ஒன்றும் தெரிவதில்லை என்பதற்கு அந்த எண்ணே பதில்.

கணக்கில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஆரம் ஒருமுறைதான் வருகிறது, வினாடி இரண்டுமுறை பெருக்கப்படுகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் பாதியானால் உலுக்கல் நாலு மடங்காகும். அதனால் உயரத்தைப் பார்த்து மலைப்பதைவிட, கைப்பேசியில் வினாடி எண்ணுவதுதான் பயன் தரும்.

கொலம்பஸில் எந்த இருக்கை?

கப்பல் ஊஞ்சலில் ஏறும்போது தைரியசாலிகள் இரண்டு முனைகளுக்கு ஓடுவார்கள். காரணம் அனுபவத்தில் எல்லாருக்கும் தெரியும். கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கப்பலின் நடுப்பகுதி செங்குத்திலிருந்து 60 பாகை வரை ஏறி ஒரு கணம் நிற்கிறது என்று கொள்வோம். நடு இருக்கையில் இருப்பவரைப் பலகை தாங்கும் விசை அப்போது அவர் எடையில் பாதி. முனை இருக்கை நடுவிலிருந்து இன்னும் 25 பாகை தள்ளி இருந்தால், அது 85 பாகைக்கு ஏறிவிடும். அங்கே பலகை தாங்குவது எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே கப்பல், ஒரே ஆட்டம். நடுவில் இருப்பவர் பாதி எடையோடு உட்கார்ந்திருக்கும்போது முனையில் இருப்பவர் கிட்டத்தட்ட விழுந்துகொண்டிருக்கிறார்.

வீட்டாரின் வற்புறுத்தலுக்காக ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நட்டநடு வரிசையைப் பிடியுங்கள். அங்கேயும் கப்பல் அடியைக் கடக்கும்போது எடை இரண்டு மடங்கு வரை கூடும். ஆனால் எடை கூடுவதைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். குறைவதுதான் அவர்களை அலற வைக்கிறது.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் இன்னொரு ராட்டினமும் கைவசமாகும். சங்கிலியில் நாற்காலிகள் தொங்க, வட்டமாகச் சுற்றும் ஊஞ்சல் ராட்டினம். பார்க்கப் பயமாக இருக்கும், நாற்காலிகள் வெளிப்பக்கம் எகிறிப் பறக்கும். சங்கிலி எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். 45 பாகை சாய்ந்தால் நீங்கள் உணரும் எடை வழக்கத்தைப் போல 1.4 மடங்கு. சுற்று சீராக இருக்கும் வரை, எந்த வேகத்தில் போனாலும் அது ஒரு மடங்குக்குக் கீழே இறங்காது. உடல் எப்போதும் பலகையோடு அழுந்தியே இருக்கும். விழும் உணர்வு பிடிக்காதவர்கள், தலைசுற்றல் தொல்லை இல்லாதவர்கள், இதில் தாராளமாக ஏறலாம்.

சரிவும் சறுக்கும்

நீர்ச் சறுக்குகளில் எல்லாரும் பார்ப்பது உயரம். உடல் பார்ப்பது சரிவு. 30 பாகைச் சரிவில் வழுக்கும்போது பலகை தாங்குவது எடையில் 87 சதவீதம். 45 பாகையில் 71, 60 பாகையில் 50. செங்குத்தாக விழுந்தால் பூஜ்ஜியம். நாலு மாடி உயரத்திலிருந்து வளைந்து வளைந்து மெதுவாக இறங்கும் குழாய்ச் சறுக்கு, இரண்டு மாடி உயரத்திலிருந்து சட்டென்று கீழே இறக்கும் சறுக்கைவிடச் சாதுவானது. மேடையிலிருந்து சரிவு தொடங்கும் இடத்தையும் பாருங்கள். விளிம்பு மழுங்கலாக இருந்தால் எடை மெல்லக் குறையும், வெட்டினாற்போல் இருந்தால் ஒரே அடியாகக் குறையும்.

செங்குத்துக் கோபுரங்களில் உயரத்தைக் கேட்டுவிடுவது நல்லது. தடையின்றி விழுந்தால் இரண்டு வினாடியில் கிட்டத்தட்ட 20 மீட்டர் இறங்கி, மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டுவிடலாம். அந்த இரண்டு வினாடியும் எடை அறவே இருக்காது. இதில் நடு இருக்கை, ஓர இருக்கை என்ற சலுகையெல்லாம் கிடையாது. அடிவயிறு கூசும் கட்சிக்காரர்கள் இங்கே பை, செருப்பு காவலுக்கு நின்றுகொள்வது உத்தமம்.

ரோலர் கோஸ்டரில் இரண்டு செய்திகள் பலருக்கு வியப்பாக இருக்கும். முதலாவது, தலைகீழ் வளையம். தலைகீழாகப் போகும்போது விழுந்துவிடுவோம் என்று தோன்றும். ஆனால் நல்ல வடிவமைப்பில் வளையத்தின் உச்சியிலும் இருக்கை உங்களை அழுத்திக்கொண்டேதான் இருக்கும். வளையம் முழு வட்டமாக இருந்தால் நுழையும் இடத்தில் அழுத்தம் அளவு மீறும். அதனால் கீழே அகலமாகவும் மேலே இறுகியும் இருக்கும் கண்ணீர்த்துளி வடிவத்தைக் கையாண்டார்கள். ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் கணக்கிட்ட அத்தகைய வளையத்தோடு, 1976இல் கலிஃபோர்னியாவில் ஒரு கோஸ்டர் ஓட ஆரம்பித்தது. விழும் உணர்வைத் தருவது வளையத்தைவிட, முதல் பெரிய இறக்கமும் நடுநடுவே வரும் மேடுகளும்தான். இரண்டாவது செய்தி இருக்கை. பெட்டித்தொடர் மேட்டைக் கடக்கும்போது முன் பெட்டிகள் ஏற்கெனவே இறங்க ஆரம்பித்து, கடைசிப் பெட்டியை வேகமாக இழுத்துக்கொண்டு போகும். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் இருக்கையைவிட்டு எழும்புவது அதனால்தான். நடு வரிசை ஒப்பீட்டளவில் மென்மையானது.

சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவில், தண்டவாளம் தலைக்கு மேல் இருக்க, கால்கள் தொங்கியபடி போகும் 'தஞ்சோரா' என்ற கோஸ்டர் ஓடுகிறது. இத்தகைய கோஸ்டரில் காலுக்குக் கீழே பலகையோ தளமோ தெரியாது. எடைக் கணக்கு ஒருபுறம் இருக்க, கண்ணுக்கும் தனி வேலை. அடிவயிறு, கண் இரண்டு கட்சியிலும் உறுப்பினராக இருப்பவர்கள் இதை வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம்.

ஜமுனாமரத்தூர் சோதனை

இரண்டாவது கட்சிக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. போளூரிலிருந்து ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குப் பேருந்தில் போகும்போது யார் யார் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொள்கிறார்களோ, அவர்களுக்குப் பூங்காவில் எதிரி வேறு. செங்குத்தாக இறங்கும் எதையும்விடச் சுழலும் கிண்ணங்கள் அவர்களைச் சாய்த்துவிடும்.

பேருந்துக்குள் இருக்கும் கண் 'உட்கார்ந்திருக்கிறேன்' என்கிறது. உட்காது 'திரும்புகிறேன், குலுங்குகிறேன்' என்கிறது. இந்த முரண்பாடு குமட்டலாக வெளிப்படுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உட்காதின் சமநிலை உறுப்புகள் இரண்டு பக்கமும் இயங்காதவர்களுக்குக் கடல் பயணத்திலும் குமட்டல் வருவதில்லை என்பது அதற்கு வலுச் சேர்க்கிறது. ஓட்டுநருக்கு வாந்தி வராததும் இதனால்தான். அடுத்த வளைவு எப்போது வரும், எவ்வளவு திரும்பும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

கிண்ணம் சுழல, கிண்ணம் இருக்கும் தட்டும் சுழலும் 'டீ கப்', 'பிரேக் டான்ஸ்' போன்றவற்றில் சுழற்சி சீராவதே இல்லை. கால்வாய்த் திரவம் நிலைக்கு வருவதற்குள் திசை மாறிவிடும். சுழன்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் தலையைச் சாய்த்தால் இன்னும் மோசம். ஒரு கால்வாயில் ஓடிக்கொண்டிருந்த திரவம் வேறு தளத்துக்கு மாற, இல்லாத ஒரு சுழற்சியைக் காது கற்பித்துக்கொள்கிறது. எனவே, ஏறியே தீர வேண்டுமென்றால் தலையை இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து தூரத்தைப் பாருங்கள். குடைராட்டினத்தில் குதிரைமேல் உட்காரும் பிள்ளைக்குத் துணையாகப் போகும் தாத்தாவும் உள்வட்டத்தில் இருக்கும் இருக்கையைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே ஆரம் குறைவு, வெளித்தள்ளலும் குறைவு.

இந்தக் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திரையரங்கு போன்ற அறையில் உட்கார வைத்துக் காட்டும் படம். உயரமும் கிடையாது, இறக்கமும் கிடையாது என்று நம்பி உள்ளே போவார்கள். அங்கே கண் பள்ளத்தாக்கில் பறக்கிறது, காது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மலைப்பாதைப் பேருந்தின் முரண்பாடு அப்படியே தலைகீழாக நடக்கிறது. குமட்ட ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வது இங்கே மட்டும் உடனே பலன் தரும்.

கண் மட்டும் பயப்படும்போது

மூன்றாவது கட்சிக்கும் சோதனை உள்ளூரிலேயே இருக்கிறது. திருமலையில் படியேறி மேலே போய் நின்று, கீழே வயல்களைப் பாருங்கள். அங்கே உயரம் உண்டு, அசைவு கிடையாது. உங்களுக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை என்றால் உயரம் உங்கள் பிரச்சினை இல்லை. மெதுவாகச் சுற்றும் பெரிய வீலில் கவலையில்லாமல் ஏறலாம். அங்கேயே கால் கூசினால், மூடிய கூண்டுள்ள வீலும், தரையை ஒட்டி ஓடும் ரயிலும், கார் மோதும் விளையாட்டும் உங்களுக்கானவை.

பயம் முழுவதும் எடைக் கணக்கில் அடங்காது என்பதும் உண்மை. எப்போது நிற்கும் என்று தெரியாதது பயத்தைக் கூட்டும். அதற்கும் வரிசையே மருந்து. ஒரு முழு ஆட்டத்தை வெளியே நின்று பார்த்து, எத்தனை சுற்று, எத்தனை நிமிடம் என்று தெரிந்துகொண்டு ஏறினால் மூளை முன்கூட்டியே தயாராகிவிடும். எண்ணும்போது மேலே இருப்பவர்களின் துப்பட்டாவையும் பின்னலையும் பாருங்கள். உச்சியில் பின்னல் தோளைவிட்டு எழும்பினால் அங்கே எடை ஏறத்தாழக் காணாமல் போகிறது என்று பொருள்.

கர்ப்பிணிகள், இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகு வலி உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இந்த அத்தியாயத்தின் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்குப் பூங்காவின் எச்சரிக்கைப் பலகையும் மருத்துவர் சொல்லும்தான் முடிவு.

மற்றவர்கள் காலையில் எடை மாற்றம் குறைந்தவற்றில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறிப் பார்க்கலாம். சுழலும் ராட்டினங்களை அடுத்தடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சுழற்சியின் கிறுகிறுப்பு அடங்கும் முன் அடுத்தது தொடங்கினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். மச்சான் கூப்பிடும்போது "வேகம் ஆவாது" என்று சொல்வதைவிட, "உச்சியில பாதி எடை போவுது, அது எனக்கு ஆவாது, சங்கிலி ராட்டினத்துக்கு வேணா வரேன்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பூங்காக்கள் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுவது எத்தனை மீட்டர் உயரம், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதைத்தான். காது இவை இரண்டையும் அளப்பதில்லை. காது அளப்பது, எடை எவ்வளவு வரை குறைகிறது, எத்தனை வினாடி குறைந்தே இருக்கிறது என்பதை. ராட்டினத்தை வடிவமைக்கும் பொறியாளர்கள் அந்த எண்களைக் கணக்கிடாமல் ஒரு வளைவைக்கூடப் போடுவதில்லை. நுழைவாயில் பலகையில் அதற்கு ஒரு வரி ஒதுக்கினால் பாதிப் பேர் நிம்மதியாக ஏறுவார்கள், மீதிப் பேர் நிம்மதியாக ஒதுங்குவார்கள். அந்த வரி வரும் வரை, வரிசையில் நின்று வினாடி எண்ணிக்கொள்வது நம் பொறுப்பு.